தொற்றுநோய் மருத்துவத் துறையை உருவாக்குவது எப்படி: தலைமையும் ஆள்சேர்ப்பும் பற்றிய முழுமையான வழிகாட்டி

1842-ஆம் ஆண்டில் மதுரையில் இருந்த மருத்துவ நிலையத்திலிருந்து ஜான் கில் என்ற மருத்துவர், உருக்குலைந்து வீங்கி நாற்றமெடுக்கும் நீர் கசியும் பாதங்களைப் பற்றி எழுதினார். அந்த நோய் பின்னர் ‘மதுரைப் பாதம்’ என்று உலகமெங்கும் அறியப்பட்டது. 1860-இல் பம்பாயில் வாண்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால் வருவது என்று கூறி மைசெட்டோமா என்று பெயரிட்டார். அதை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்று மதுரெல்லா என்றும் இன்னொன்று ஆக்டினோமதுரா என்றும் இன்றுவரை இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆனால் மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ அப்படியொரு பாதத்தோடு வரும் விவசாயி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் நுழைந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து தோல்நோய்ப் பிரிவுக்கும், அங்கிருந்து பொது மருத்துவத்துக்கும் சீட்டு மாறி மாறிப் போகும். காலிலிருந்து வரும், கிருமித் திரள்களான மணிகள் கறுப்பா, வெள்ளையா, சிவப்பா என்று பார்த்து, அது பூஞ்சையா பாக்டீரியாவா என்று ஆய்வகத்தோடு பேசி முடிவு செய்து, மாதக்கணக்கில் நீளும் மருந்தைக் கண்காணிக்கும் பொறுப்பு பெரும்பாலும் எவர் மேசையிலும் இருப்பதில்லை.

அந்தப் பொறுப்பை ஏற்பதற்கான மேசைதான் தொற்றுநோய் மருத்துவத் துறை. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் உள்ள மருத்துவக் கல்லூரிகளின் டீன்களுக்கும், அறக்கட்டளை நிர்வாகிகளுக்கும், இத்துறையைத் தொடங்கும்படி பணிக்கப்பட்ட பொது மருத்துவப் பேராசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். கட்டிடம், கருவி ஆகியவற்றைப் பற்றிக் குறைவாகவும், ஆட்களைப் பற்றி அதிகமாகவும் பேசப் போகிறேன். இத்துறைக்கென்று எண்டோஸ்கோப்பு கிடையாது, கத்தி கிடையாது, பல இடங்களில் தனி வார்டும் கிடையாது. அடுத்தவர் வார்டில், அடுத்தவர் நோயாளியின் படுக்கையருகே நின்று, அடுத்தவர் எழுதிய மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதே இதன் அன்றாட வேலை. ஆகவே எந்தப் பதவிக்கு எவரைத் தேர்ந்தெடுக்கும்போதும், அவர் ஒரு வார்டுக்குள் போய்ப் பேசிவிட்டு வந்தால் அந்த வார்டு அவரை மறுபடியும் கூப்பிடுமா என்பதையே அளவுகோலாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: பதவிகளை எண்ணுவதற்கு முன் வேலையை எண்ணுங்கள்

பெரும்பாலான கல்லூரிகள் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிமுறைப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு பேராசிரியர், ஓர் இணைப் பேராசிரியர், இத்தனை உதவிப் பேராசிரியர்கள் என்று தொடங்குகின்றன. அது அங்கீகாரத்துக்கு வேண்டிய கணக்கு. வேலைக்கு வேண்டிய கணக்கு வேறு. அதை உங்கள் மருத்துவமனையில் மட்டுமே எடுக்க முடியும்.

எட்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தினமும் எத்தனை பிளட் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளர்ந்தது, ஐ.சி.யூ.வில் எத்தனை பேருக்கு மெரோபெனம், கோலிஸ்டின் போன்ற வீரியமிக்க ஆன்டிபயாடிக்குகள் ஓடுகின்றன, காரணம் தெரியாத காய்ச்சல் என்று ஐந்து நாள் தாண்டிப் படுத்திருப்பவர் எத்தனை பேர், அறுவை சிகிச்சைக்குப் பின் புண் பிரிந்தவர் எத்தனை பேர், எச்.ஐ.வி., காசநோய் நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிக்கலான மருந்து மாற்றம் தேவைப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள். இந்த எட்டு வாரங்களில் பாதியாவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விழ வேண்டும். டெங்குவும் எலிக்காய்ச்சலும் மழையோடு வரும். அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களிலிருந்தும் புதர் மண்டிய கண்மாய்க் கரைகளிலிருந்தும், நுண்ணிய உண்ணிப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நோயாளிகள் குளிர் மாதங்களில் குவிவார்கள். ஆடியில் எடுத்த கணக்கு கார்த்திகைக்கு உதவாது.

பிறகு நேரமாக மாற்றுங்கள். ஒரு புதிய நோயாளியை முழுமையாகப் பார்த்து, பழைய அறிக்கைகளைப் புரட்டி, கேஸ் ஷீட்டில் தெளிவாக எழுதி, யூனிட் மருத்துவரிடம் நேரில் சொல்லிவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பது என் அனுபவக் கணக்கு. தொடர்ந்து பார்க்கும் நோயாளிக்குப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். நாளுக்கு 8 புதியவர்கள் என்றால் 6 மணி நேரம். 30 தொடர் நோயாளிகள் என்றால் மேலும் 6 மணி நேரம். ஆக 12 மணி நேரம். ஓ.பி., வகுப்பு, கூட்டம், ஆய்வு ஆகியவற்றையும் சுமக்கும் ஓர் ஆசிரியரால் வார்டு வேலைக்கு நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் உண்மையாகக் கொடுக்க இயலாது. எனவே மூன்று ஆசிரியர்கள் வேண்டும். விடுப்பையும் தேர்வுப் பணியையும் சேர்த்தால் நான்கு பேர். இந்தக் காகிதத்தை நிதிக் குழுவின் முன் வைக்கும்போது கிடைக்கும் மரியாதை, ‘தேசிய முக்கியத்துவம்’ என்று தொடங்கும் எந்த முன்மொழிவுக்கும் கிடைக்காது.

இரண்டாம் படி: முதல் நியமனம் செவிலியராக இருக்கட்டும்

துறைத்தலைவரைத் தேடுவதற்கு முன்பே நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்களை நியமியுங்கள் என்று சொன்னால் பலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். காரணம் எளிது. மருத்துவர் ஒருவர் தகுதியோடு கிடைக்க ஓராண்டு ஆகலாம். உங்கள் மருத்துவமனையிலேயே பதினைந்து ஆண்டு வார்டு பார்த்த, எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த யூனிட்டில் கையுறை தீர்ந்தாலும் சொல்ல மாட்டார்கள் என்பதெல்லாம் அறிந்த செவிலியர் இன்றே கிடைப்பார்.

எத்தனை பேர் என்பதற்கு வழிகாட்டல் உண்டு. 250 படுக்கைகளுக்குக் குறைந்தது ஒருவர் என்பது 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து வந்த பழைய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொண்டு, 100 படுக்கைகளுக்கு ஒருவர் இருப்பதே நல்லது என்றது. ஆயிரம் படுக்கை மருத்துவமனைக்கு நால்வர் இல்லாமல் தொடங்க வேண்டாம். பத்துப் பேரை இலக்காக வையுங்கள். ஐ.சி.யூ., டயாலிசிஸ், பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகிய மூன்றும் பெரிதாக இருந்தால் கீழ் எல்லை போதவே போதாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் இத்திட்டம் இதில்தான் சாகிறது. வார்டில் ஆள் குறைந்தவுடன் செவிலியர் கண்காணிப்பாளர் முதலில் கைவைப்பது இந்தச் செவிலியர்களின் மீதுதான். அவர்மீது குற்றமில்லை, அவருக்கு முன்னால் நாற்பது நோயாளிகளும் இரண்டு சிஸ்டர்களும் நிற்கிறார்கள். ஆகவே நியமன ஆணையிலேயே இவர்கள் முழுநேரப் பணியாளர்கள், டீனின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி ஷிப்டுக்கு மாற்றக்கூடாது, அன்றாட வேலையில் தொற்றுநோய்த் துறைத்தலைவருக்கும் விடுப்பு, பதவி உயர்வில் செவிலியர் துறைக்கும் கட்டுப்பட்டவர்கள் என்று வரி வரியாக எழுதிவிட வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் மூன்றாம் மாதம் இவர்கள் கையில் ஊசித் தட்டுதான் இருக்கும்.

தேர்வின்போது சான்றிதழை மட்டும் பார்க்காதீர்கள். கை கழுவாமல் காயக்கட்டு மாற்றப் போகும் ஒரு மூத்த மருத்துவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேளுங்கள். ‘சொல்ல மாட்டேன், எழுதிக்கொள்வேன்’ என்பவரும், ‘எல்லார் முன்னாலும் சொல்வேன்’ என்பவரும் இந்த வேலைக்குச் சிரமப்படுவார்கள். கிருமிநாசினிப் பாட்டிலை அவர் கைக்கு நீட்டிவிட்டு, ‘சார், ஒரு நிமிஷம்’ என்று சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: துறைத்தலைவர்

இந்தியாவில் தொற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தில்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் படித்து வெளிவருவோர் இன்னும் சிறு எண்ணிக்கையினரே. அவர்களைச் சென்னை, பெங்களூரு, கொச்சி நகரங்களின் பெரிய தனியார் மருத்துவமனைகள் படிப்பு முடியும் முன்பே பேசி வைத்துவிடுகின்றன. எனவே தெற்கத்திக் கல்லூரி ஒன்று இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: டி.எம். முடித்த இளையவரை உதவிப் பேராசிரியராக எடுத்து, மதிப்புமிக்க பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவரை முதல் சில ஆண்டுகளுக்குப் பொறுப்புத் தலைவராக வைப்பது. அல்லது வெளியிலிருந்து மூத்தவர் ஒருவரை நல்ல ஊதியத்தில் கொண்டுவருவது. முதல் வழியையே நான் விரும்புகிறேன். மதுரையில் யூனிட் சீஃப்களின் நட்பும் பழக்கமும் பல ஆண்டுகளில் உருவானவை. வெளியூர்க்காரர் எவ்வளவு கற்றவராயினும் அந்த வலைக்குள் நுழைய ஓரிரு ஆண்டாகும். ஆனால் பொறுப்புத் தலைவர் பதவியில் ஒட்டிக்கொள்ளாதவராக இருக்க வேண்டும். எத்தனை ஆண்டில் இளையவரிடம் ஒப்படைப்பார் என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுவது இருவருக்கும் நல்லது.

அரசுக் கல்லூரிகளின் நிலை வேறு. பதவிகள் அரசாணையால் உருவாகின்றன. மருத்துவர்கள் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அரசுப் பணிக்கு வருகிறார்கள். பேராசிரியர்கள் பதவி உயர்வுப் பட்டியலாலும் கலந்தாய்வாலும் ஊர் மாறுகிறார்கள். தலைவர் யார் என்பதை டீன் தீர்மானிப்பதில்லை. ஆயினும் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் உறுப்பினர்–செயலர் யார், ஆன்டிபயாடிக் மேற்பார்வைக்குப் பொறுப்பு அலுவலர் யார் என்பவை டீனின் கையெழுத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு கையெழுத்துகளைச் சரியாகப் போட்டால், துறை காகிதத்தில் பிறப்பதற்கு முன்பே வேலையில் பிறந்துவிடும்.

எந்த வழியில் வந்தாலும், தலைவரிடம் எதைப் பார்ப்பது? கட்டுரை எண்ணிக்கையைக் கடைசியில் வையுங்கள். நேர்காணல் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதைவிட, இரண்டு நாள் விருந்தினராக அழைத்து ஐ.சி.யூ., எலும்பு முறிவுப் பிரிவு, மகப்பேறு வார்டு ஆகிய மூன்றிலும் ரவுண்ட்ஸ் போகச் சொல்லுங்கள். மாலையில் அந்த வார்டுகளின் முதுநிலை மாணவர்களிடம் தேநீர் நேரத்தில் விசாரியுங்கள். அவர் மருந்தை நிறுத்தச் சொன்னபோது காரணம் சொன்னாரா, தெரியாததைத் தெரியாது என்றாரா, கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் நோயாளியைப் பார்த்தாரா என்பவற்றை அந்தப் பிள்ளைகள் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். எலும்பு முறிவுப் பிரிவில் புண் பிரிவது அடிக்கடி நடந்துவந்தது. புதிதாக வந்த உதவிப் பேராசிரியர் அங்கே போனபோது மூத்த சர்ஜன், “தம்பி, என் கத்தியால எதுவும் கெட்டுப்போகல. நீங்க மருந்தை மட்டும் சொல்லிட்டுப் போங்க” என்றார். இவர், “சரிங்க சார். ஆபரேஷனுக்கு முன்னாடி போடுற ஊசி எத்தனை மணிக்குப் போகுதுன்னு மட்டும் ரெண்டு நாள் பார்த்துட்டுப் போயிடுறேன்” என்று சொல்லிவிட்டுத் தியேட்டர் வாசலில் நின்றார். தோலைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டிய செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக், வார்டிலேயே விடியற்காலையில் போடப்பட்டு, நோயாளி வரிசையில் மூன்று மணி நேரம் காத்திருந்தார். ஊசியைத் தியேட்டருக்கு மாற்றியதோடு விஷயம் முடிந்தது. யார் தவறு என்ற பேச்சே எழவில்லை. அடுத்த வாரம் அதே சர்ஜன் வேறொரு நோயாளிக்காக அவரைத் தொலைபேசியில் அழைத்தார். தலைமைப் பண்பு என்று நான் தேடுவது இதைத்தான்.

தலைவருக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரங்களை எழுத்தில் கொடுங்கள்: எந்த வார்டுக்குள்ளும் அழைப்பின்றிச் செல்லும் உரிமை, கல்ச்சர் முடிவுகளை ஆய்வகக் கணினியில் நேரடியாகப் பார்க்கும் வசதி, தொற்று பரவினால் ஒரு தியேட்டரையோ ஐ.சி.யூ. படுக்கையையோ மூடப் பரிந்துரைத்து அன்றே டீனைச் சந்திக்கும் உரிமை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் பெயர்ப்பலகைத் தலைவராகிவிடுவார்.

நான்காம் படி: எல்லைகளைப் பேசி முடியுங்கள்

காசநோய்க்கு நெஞ்சக மருத்துவத் துறை இருக்கிறது, எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சிகிச்சை மையம் இருக்கிறது. மதுரையில் தோப்பூரில் தனி மருத்துவமனையே நெடுங்காலமாக நெஞ்சக நோயாளிகளைப் பார்த்துவருகிறது. புதிய துறை வந்ததும் ‘எங்கள் நோயாளிகளை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்’ என்ற அச்சம் எழும். தொடக்கத்திலேயே மூன்று துறைத் தலைவர்களையும் டீன் அறையில் உட்காரவைத்து, சாதாரணக் காசநோய் யாருடையது, மூளைக்கும் முதுகெலும்புக்கும் பரவிய காசநோயில் யாரை யார் அழைப்பது, மருந்து ஒவ்வாமை வந்த எச்.ஐ.வி. நோயாளி எங்கே படுப்பது என்பவற்றை இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தொற்றுநோய்த் துறை எண்ணிக்கைக்காகப் பிறர் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. சிக்கலானவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சரியானபின் திருப்பி அனுப்பும் பழக்கமே நட்பை வளர்க்கும்.

சமுதாய மருத்துவத் துறையோடும் மாநகராட்சி சுகாதார அலுவலரோடும் உள்ள தொடர்புக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். காசநோயை அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியாருக்கும் கட்டாயம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குப் பிறகு வயிற்றுப்போக்கு கூடுகிறதா என்று பார்ப்பதும், ஒரே தெருவிலிருந்து மூன்று டெங்கு வந்தால் மாலைக்குள் தகவல் போவதும் ‘யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று விடப்படும் காரியங்கள். அதனால்தான் பெயர் குறிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆய்வகத்தில் ஒரு நண்பர்

நுண்ணுயிரியல் துறை பலமில்லாத இடத்தில் தொற்றுநோய்த் துறை தொடங்குவது கிணறு வெட்டாமல் ஏற்றம் கட்டுவது போன்றது. இருக்கும் நுண்ணுயிரியல் ஆசிரியர்களில் ஒருவரை ‘மருத்துவமனை நுண்ணுயிரியலாளர்’ என்று தனியாக ஒதுக்கி, வகுப்புச் சுமையைக் குறைத்து, தினமும் நண்பகலில் அவரும் தொற்றுநோய் மருத்துவரும் அன்றைய கல்ச்சர் தட்டுகளின் முன் கால் மணி நேரம் நிற்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். தொலைபேசியில் அல்ல, தட்டுகளின் முன்.

இதன் பயனுக்கு எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு, மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ். சர்க்கரை நோயுள்ள ஒரு விவசாயிக்கு வாரக்கணக்கில் காய்ச்சல், கல்லீரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி. கல்ச்சரில் ‘சூடோமோனாஸ் வகை’ என்று அறிக்கை வருகிறது, அதை வெளிக்கலப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது பர்கோல்டேரியா சூடோமலையாக இருக்கலாம். ஜென்டமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் கட்டுப்படாமல், அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலத்துக்கு அடங்கும் விசித்திரமான கிருமி வளர்ந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதை, நோயாளியை அறிந்தவரும் தட்டை அறிந்தவரும் ஒரே இடத்தில் நின்றால்தான் பிடிக்க முடியும். பிடித்தபின் செஃப்டாசிடிமோ மெரோபெனமோ ஊசியாகக் குறைந்தது இரண்டு வாரம், பிறகு கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை மூன்று மாதமாவது என்று நீளும் சிகிச்சையை, திருப்புவனத்திலோ பேரையூரிலோ இருக்கும் அவர் விட்டுவிடாமல் தொடரச் செய்ய, துறையில் ஓர் ஆள் தொலைபேசியோடு இருக்க வேண்டும். அந்த ஆளை ஆலோசகர் என்றோ சமூகப் பணியாளர் என்றோ அழையுங்கள், பதவியை விட்டுவிடாதீர்கள்.

ஆய்வகத்துக்கு இன்னொரு பணியாளரும் தேவை: ரத்தம் எடுக்கும் முறையைக் கற்பிப்பவர். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பு, இரண்டு இடங்களில், வயது வந்தவருக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. என்பது விதி. வார்டில் நடப்பதோ 3 மி.லி., ஒரே பாட்டில், மூன்றாம் நாள். தோல் கிருமி கலந்த கல்ச்சர்கள் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போனால் எடுப்பவர்களுக்கு மறுபயிற்சி வேண்டும். இதைச் செய்யாமல் விலையுயர்ந்த இயந்திரம் வாங்குவது வீண் செலவு.

ஆறாம் படி: மருந்தாளுநரும் ஆன்டிபயாடிக் மேற்பார்வையும்

2012-இல் சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட சென்னைப் பிரகடனம், கிருமிகளின் மருந்தெதிர்ப்பு பற்றி நாட்டை உலுக்கிய முதல் குரல்களில் ஒன்று. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்து, பல ஆன்டிபயாடிக்குகளை மருந்துச் சீட்டின்றி விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுக்களாகப் பிரித்துக் காட்டுகிறது. சட்டத்துக்கும் பட்டியலுக்கும் குறைவில்லை; அவற்றைத் தினமும் வார்டில் பேசுவதற்குத்தான் ஆள் குறைவு.

மருத்துவ மருந்தியல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவரைத் துறையிலேயே வையுங்கள். காலையில் அவர் தடைப் பட்டியல் மருந்துகள் (கட்டுப்பாட்டோடு மட்டுமே தர வேண்டிய ஆன்டிபயாடிக்குகள்) ஓடும் நோயாளிகளின் பட்டியலை எடுத்து, சிறுநீரகத்தின் நிலைக்கு அளவு பொருந்துகிறதா, கல்ச்சர் எடுக்கப்பட்டதா, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபரிசீலனை நடந்ததா என்று குறிப்பார். பிற்பகலில் மருத்துவர் ஒருவர் அந்தப் பட்டியலோடு நேரில் போவார். முன் அனுமதியின்றி மருந்து தரமாட்டோம் என்று தொடங்கும் முறையும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு அனுமதி தர ஆளில்லாத கல்லூரியில் அது பகையை மட்டுமே வளர்க்கும். நேரில் போய்ப் பேசுவதோடு தொடங்கி, ஓராண்டு கழித்து ஓரிரு மருந்துகளுக்கு மட்டும் முன் அனுமதியைக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கணக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் தலைமையின் வேலை. ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் எண்களை மட்டும் மூடிய உறையில் கொடுங்கள். எல்லா யூனிட்களையும் வரிசைப்படுத்திப் பெரிய கூட்டத்தில் திரையில் போட்டால், அடுத்த மாதம் எண்கள் குறையும், ஒப்பீனியன் கேட்டு வரும் அழைப்புகளும் குறையும்.

ஏழாம் படி: கற்பித்தலும் பயிற்சியாளர்களும்

டி.எம். இடங்களுக்கு அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகள் பொது மருத்துவம், குழந்தைகள் நலம், மயக்கவியல் முதுநிலை மாணவர்கள் ஒரு மாதம் சுழற்சியில் வந்துபோகட்டும். முதுநிலை உறைவிட மருத்துவர் இருவர் இருந்தால் இரவு அழைப்புகளைப் பகிரலாம். சுழற்சியில் வரும் மாணவர் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை சில இருக்கட்டும்: ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளியின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பூச்சி கடித்த இடத்துக் கருந்தழும்பைத் தானே தேடிக் கண்டுபிடிப்பது, நாய்க்கடியில் மூன்றாம் வகைக் காயத்துக்கு (தோல் கிழிந்த காயத்துக்கு) இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போடுவது, சல்லிக்கட்டுக் காலத்தில் மாட்டுக்கொம்பு குத்திய ஆழ்ந்த காயத்தில் டெட்டனஸ் தடுப்பைச் சரிபார்ப்பது. பாடநூலில் படித்தவற்றை இங்குள்ள நோயாளிகளிடம் கைவைத்துப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சிக்குப் பெரிய ஆய்வகம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தீவிர ஸ்க்ரப் டைஃபஸில் டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் நிறுவிய ஆய்வு, வேலூரை உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளின் வார்டுகளில் நடந்தது. பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து சிறந்தது என்று 2013-இல் உலகத்துக்குச் சொன்ன ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பங்கு பெரியது. இரண்டிலும் கேள்வி அன்றாட வார்டிலிருந்து எழுந்தது. உதவிப் பேராசிரியருக்கு வாரத்தில் ஒரு முழு நாளை ஆய்வுக்கு ஒதுக்கி, அந்த நாளில் அவருக்கு ஓ.பி. போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எட்டாம் படி: இருப்பவர்களைக் காப்பது

இது சுருக்கமான பகுதி, ஆனால் தவறினால் துறை கலையும். சேர்ந்த நாளிலேயே அனைவருக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதக் கணக்கில் முடிந்ததா, முடிந்தபின் எதிர்ப்புரதம் 10 அலகைத் தாண்டியதா என்று பாருங்கள். துப்புரவுப் பணியாளர்களை இந்தப் பட்டியலில் முதலில் எழுதுங்கள், ஊசி அவர்கள் கையிலும் அடிக்கடி குத்துகிறது. ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள், தவறினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் ஏற்பாடு இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை செய்ய வேண்டும். மருந்து ஒரு பூட்டிய அலமாரியிலும் சாவி வேறொருவர் வீட்டிலும் இருக்கும் ஏற்பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஆட்கள் விட்டுப்போவது ஊதியத்தால் மட்டும் நடப்பதில்லை. ஒரே மருத்துவர் ஆண்டு முழுவதும் இரவு அழைப்பில் இருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் இரண்டாம் ஆண்டு போய்விடுவார். மூன்று பேர் சேரும்வரை இரவு அழைப்பை ஐ.சி.யூ. மருத்துவர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள், ‘இருபத்து நான்கு மணி நேரச் சேவை’ என்ற பலகையை அதற்குப் பிறகு வையுங்கள்.

ஒன்பதாம் படி: கூட்டமும் ஒப்படைப்பும்

நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் கூட வேண்டும். தலைமையில் டீனோ மருத்துவக் கண்காணிப்பாளரோ இருக்க வேண்டும், ஏனெனில் கையுறை, சோப்பு, கிருமிநாசினி வாங்கும் கையெழுத்து அவர்களுடையது. முந்தைய கூட்டத்தில் முடிவானது நடந்ததா என்பதே முதல் பொருளாக இருக்கட்டும். ஆண்டுக்கு நான்கு கூட்டங்களையாவது துணைத் தலைவர் நடத்தட்டும். அவர் நடத்தும்போது தலைவர் அறைக்குள் வராமல் இருப்பது நல்லது.

ஒப்படைப்பதற்கான கோப்பை முதல் நாளிலிருந்தே கட்டுங்கள். அதில் யூனிட்களோடு செய்த இரண்டு பக்க உடன்பாடுகள், செவிலியர் ஆணைகள், எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று காட்டும் ஒவ்வொரு ஆண்டின் கிருமி–மருந்து அட்டவணை, பரவல் நடந்த நாட்களின் குறிப்பு, மாதக்கணக்கில் மருந்து எடுக்கும் நோயாளிகளின் தொடர் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். கூடவே, ஆழ்குளிர் பெட்டியில் சேமித்த கிருமிகளின் பதிவேடு: எந்தக் குப்பியில் எந்த நோயாளியின் கிருமி, யார் வைத்தது, எந்தத் தேதி என்பது. தலைவர் மாறும் நாளில் பழையவரும் புதியவரும் நுண்ணுயிரியலாளரும் அந்தப் பெட்டியைத் திறந்து, பதிவேட்டோடு குப்பிகளை எண்ணிப் பார்த்து, மூவரும் கையெழுத்திட்டபின் சாவி கைமாறட்டும்.